எனக்குக் கதவை அடைச்சேன், வெளியாளுக்குத் திறந்து வெச்சேன்: ரவுட்டரின் வெப் பேஜைப் பாதுகாப்பது எப்படி?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். கட்டளைகளைப் பேச்சில் சொன்னபடியே கொடுத்திருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு வந்த மெயில்கள்ல ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்துச்சு. "ரவுட்டரோட வெப் பேஜுக்கு ஹெச்டிடிபிஎஸ் போட்டுட்டேன், இனி சேஃப் தானே?" அப்படின்னு. ஒரே வரியில பதில் சொல்லணும்னா, பாதி சேஃப். மீதி பாதி என்னன்னு தெரியாம நான் ஒரு தடவை நல்லா மாட்டியிருக்கேன். அதனால இன்னைக்கு முதல்ல அந்தக் கதை, அப்புறம் எந்த வரிசையில செட் பண்ணணும்கிறது. கமாண்டுகள் சிஸ்கோ ஐஓஎஸ் எக்ஸ்இ-யில இருக்கிற மாதிரி சொல்றேன். வேற பிராண்ட் வெச்சிருக்கிறவங்களும் கேளுங்க. பெயர்தான் மாறும், விஷயம் அதேதான்.

ஒரு வாரத்துக்குத் திறந்த கதவு

அப்போ நான் கோயம்புத்தூர்ல ஒரு சின்ன கம்பெனியில இருந்தேன். சின்ன கம்பெனின்னா தெரியும்ல, கோடு எழுதுறவன்தான் ரவுட்டரையும் பார்த்துக்கணும், பிரிண்டர் மாட்டிக்கிட்டாலும் அவன்தான் போகணும். எங்க கஸ்டமர் ஒருத்தருக்குத் தாராபுரத்துல ஒரு கிளை. அங்க ஐஓஎஸ் எக்ஸ்இ ஓடுற ஒரு சின்ன ரவுட்டர். அந்த ஓனர் ஒருநாள் கூப்பிட்டு, "தம்பி, லைன் எவ்வளவு யூஸ் ஆகுதுன்னு வீட்டுலேர்ந்தே பார்க்கணும்"னு கேட்டார். நானும் வெப் பேஜை ஆன் பண்ணி, ஒரு பெரிய பாஸ்வேர்டும் போட்டு, வெளியிலிருந்து திறக்கிற மாதிரி விட்டேன். "ஒரு வாரம் பார்த்துட்டுச் சொல்லுங்க சார், அப்புறம் மூடிடறேன்"னு சொன்னேன். அவர் ரெண்டு நாள் பார்த்துட்டு மறந்துட்டார். நானும் மறந்துட்டேன். ஏழு மாசம் அது திறந்தே கிடந்துச்சு.

2023 அக்டோபர் 16-ஆம் தேதி சிஸ்கோ ஒரு எச்சரிக்கை வெளியிட்டாங்க. சிவிஇ-2023-20198. ஐஓஎஸ் எக்ஸ்இ-யோட வெப் யூஐ-யில ஒரு ஓட்டை. தீவிர மதிப்பெண் 10-க்கு 10. லாகின் எதுவும் பண்ணாமலே, வெப் பேஜ் எட்டுற தூரத்துல இருக்கிற எவனும் ரவுட்டர்ல லெவல் 15 யூசர் ஒண்ணை உருவாக்கிக்கலாம். லெவல் 15-ன்னா முழு அதிகாரம், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. அப்படி உள்ளே வந்தவன், சிவிஇ-2023-20273-ன்னு இன்னொரு ஓட்டை வழியா ரூட் அதிகாரத்தோட ஒரு இம்பிளான்ட்டையும் வெச்சுட்டுப் போனான். சில நாள்லயே உலகம் முழுக்கப் பல்லாயிரம் கருவிகள் மாட்டுச்சு. எச்சரிக்கை வந்த அன்னைக்குத் திருத்தப்பட்ட மென்பொருளே வரலை. முதல் திருத்தம், 17.9.4ஏ, அக்டோபர் 22-தான் வந்துச்சு.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, நான் போட்ட பெரிய பாஸ்வேர்டை அவன் கேட்கவே இல்ல. ஹெச்டிடிபிஎஸ்-ஆ, ஹெச்டிடிபி-யான்னும் அவன் கவலைப்படலை. ரெண்டு வழியாவும் வேலை செஞ்சுது. ஹெச்டிடிபிஎஸ் என்ன பண்ணும்? உங்க பிரவுசருக்கும் ரவுட்டருக்கும் நடுவுல போற பாஸ்வேர்டை வழியில யாரும் படிக்காம காப்பாத்தும். ஆனா கதவு வரைக்கும் யார் வரலாம்கிறதை அது முடிவு பண்ணாது. உங்ககூட எவ்வளவு ரகசியமா பேசுமோ, திருடன்கூடவும் அதே ரகசியத்தோட பேசும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரி

செய்தியைப் படிச்சது 17-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். தாராபுரம் ரவுட்டர் ஞாபகம் வந்தப்போ வயித்துல புளியைக் கரைச்சுது. ராத்திரி 9 மணி இருக்கும். ஆபீஸ் விபிஎன் வழியா எஸ்எஸ்ஹெச் போட்டு உள்ளே போனேன். அவசரத்துல ரெண்டு வேலை பண்ணேன்.

ஒண்ணு, "நோ ஐபி ஹெச்டிடிபி சர்வர்"னு அடிச்சேன். வெப் பேஜ் மூடியாச்சுன்னு நினைச்சேன்.

ரெண்டாவது, எஸ்எஸ்ஹெச்-ஐயும் ஆபீஸ் நெட்வொர்க்குக்கு மட்டும்னு ஆக்கிடலாம்னு ஒரு ஆக்சஸ் லிஸ்ட் எழுதினேன். "பெர்மிட் 10.20.30.0 255.255.255.0". அதை விடிஒய் லைன்ல மாட்டினேன். உடனே "ரைட் மெமரி" அடிச்சு சேவ் பண்ணேன். வெளியே வந்தேன். திரும்ப உள்ளே போய்ப் பார்க்கலாம்னு எஸ்எஸ்ஹெச் போட்டா, கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்.

நெட்வொர்க் படிச்சவங்க இந்நேரம் சிரிச்சிருப்பீங்க. ஆக்சஸ் லிஸ்ட்ல போட வேண்டியது சப்நெட் மாஸ்க் இல்ல, வைல்ட்கார்டு மாஸ்க். அது தலைகீழா இருக்கும். 0 இருக்கிற இடத்தை ரவுட்டர் ஒத்துப் பார்க்கும், 255 இருக்கிற இடத்தைக் கண்டுக்காது. நான் எழுதணும்னு நினைச்சது 0.0.0.255. எழுதினதோட அர்த்தம் என்ன தெரியுமா? "முதல் மூணு எண் என்னவா வேணா இருக்கட்டும், கடைசி எண் 0-வா இருந்தா உள்ளே விடு." என் லேப்டாப்போட கடைசி எண் 14. அதனால எனக்கு அனுமதி இல்ல. ரவுட்டர் எந்த எச்சரிக்கையும் தரலை. அதைப் பொறுத்தவரை அது சரியான கட்டளைதான்.

சேவ் பண்ணாம இருந்திருந்தா, கிளைக்குப் போன் போட்டு "அக்கா, அந்தப் பெட்டியை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"ன்னு சொன்னா போதும். பழைய கான்ஃபிக் திரும்ப வந்திருக்கும். நான்தான் சமத்தா சேவ் பண்ணிட்டேனே.

மறுநாள் காலையில கன்சோல் கேபிளைப் பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறினேன். கிளைக்குப் போனா அக்கவுண்ட்ஸ் பார்க்கிற அக்கா கேட்டாங்க, "தம்பி, நெட்டு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?" நியாயமான கேள்வி. பில்லிங் ஓடுது, மெயில் போகுது, யாருக்கும் ஒரு குறையும் இல்ல. வெளியே நின்னது நான் ஒருத்தன்தான்.

கேபிளை மாட்டி, 9600 ஸ்பீடு வெச்சு, உள்ளே போய் மாஸ்க்கைத் திருத்த நாலு நிமிஷம் ஆச்சு. கிளம்பலாம்னு இருந்தப்போ, எதுக்கும் ஒரு தடவை பார்ப்போம்னு "ஷோ ஐபி ஹெச்டிடிபி சர்வர் ஸ்டேட்டஸ்" அடிச்சேன். ஹெச்டிடிபி சர்வர், டிசேபிள்ட். சரி. கொஞ்சம் கீழே, ஹெச்டிடிபி செக்யூர் சர்வர், எனேபிள்ட்.

அதாவது முந்தின நாள் ராத்திரி நான் மூடினது 80-ஆம் போர்ட் மட்டும். 443 இன்டர்நெட்டைப் பார்த்துத் திறந்தே கிடந்திருக்கு. ரெண்டும் தனித்தனி கமாண்ட். "நோ ஐபி ஹெச்டிடிபி சர்வர்" ஒண்ணு, "நோ ஐபி ஹெச்டிடிபி செக்யூர்-சர்வர்" இன்னொண்ணு. உலகமே அந்த ஓட்டை வழியா அடி வாங்கிட்டிருந்த அன்னைக்கு, உள்ளே போக வேண்டிய என்னை வெளியே நிறுத்திட்டு, வெளியே நிற்க வேண்டியவனுக்குக் கதவைத் திறந்து வெச்சிருந்தேன்.

கை நடுங்குச்சு, பொய் சொல்லலை. 443-ஐயும் மூடிட்டு, முதல் வேலையா யூசர் லிஸ்ட்டைப் பார்த்தேன். "சிஸ்கோ_டேக்_அட்மின்", "சிஸ்கோ_சப்போர்ட்" அப்படின்னு நம்பும்படியான பெயர்ல யூசர் இருந்தா பாருங்கன்னு எச்சரிக்கையில சொல்லியிருந்தாங்க. அந்தப் பெயர்களும் இல்ல, எனக்குத் தெரியாத வேற பெயரும் இல்ல. லாக்லயும் அன்னியக் கை எதுவும் தெரியலை. தப்பிச்சது என் திறமையால இல்ல. அதிர்ஷ்டம்தான்.

இங்க ஒரு விஷயம். அந்த இம்பிளான்ட் ரீபூட் பண்ணா போயிடும். ஆனா அவன் உருவாக்கின யூசர் போகாது. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், சரியாயிடுச்சு"ன்னு நினைச்சவங்க ரவுட்டர்ல அந்த யூசர் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதனால அக்கவுண்ட் லிஸ்ட்டைப் பார்க்காம எந்தச் சுத்தமும் முடியாது.

முதல் கேள்வி: வெப் பேஜ் வேணுமா?

சரி, இப்போ வேலைக்கு வருவோம். செக்யூர் வெப் அக்சஸ் செட் பண்றதுக்கு முன்னாடி, அது தேவையான்னு கேளுங்க. நீங்க எல்லாத்தையும் எஸ்எஸ்ஹெச்-லயே பண்றீங்கன்னா, ரெண்டு "நோ" கமாண்டையும் அடிச்சுட்டு இந்த எபிசோடை இங்கேயே நிறுத்திடலாம். பல மாடல்கள்ல பெட்டியிலிருந்து எடுக்கும்போதே வெப் சர்வர் ஆன்ல இருக்கும். யாரும் கேட்காமலே ஓடிட்டிருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, வயர்லெஸ் கன்ட்ரோலர்ல கெஸ்ட் லாகின் பக்கம் இந்த வெப் சர்வரை நம்பி இருக்கலாம். அதைப் பார்க்காம அணைச்சா, வந்த விருந்தாளி வைஃபை வரலைன்னு நிற்பார்.

வேணும்னா, நான் இப்போ பின்பற்றுற வரிசை இது.

முதல்ல, தப்பிக்க வழி

எதையும் மாத்துறதுக்கு முன்னாடி "ரீலோட் இன் 15" அடிங்க. 15 நிமிஷத்துல ரவுட்டர் தானா ரீஸ்டார்ட் ஆகும். நடுவுல நீங்க வெளியே மாட்டிக்கிட்டா, சேவ் பண்ணாத மாற்றமெல்லாம் அழிஞ்சு பழைய கான்ஃபிக் திரும்பும். எல்லாம் சரியா வந்துச்சுன்னா "ரீலோட் கேன்சல்". அதுக்கப்புறம்தான் "ரைட் மெமரி". இந்த ஒரு வரி அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிருந்தா ஒரு பஸ் பயணம் மிச்சம். கிளையில இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பண்ணுங்க, ஏன்னா ரீஸ்டார்ட் ஆச்சுன்னா சில நிமிஷம் லைன் போகும்.

அடுத்து, யூசர்

வெப் பேஜோட இயல்பான லாகின் முறை, எனேபிள் பாஸ்வேர்டு. யூசர்நேம் என்ன போட்டாலும் கவலை இல்ல, எனேபிள் பாஸ்வேர்டு தெரிஞ்சா உள்ளே. அப்போ யார் வந்து மாத்தினாங்கன்னு கண்டுபிடிக்கவே முடியாது. அதனால "ஐபி ஹெச்டிடிபி ஆத்தென்டிகேஷன் லோக்கல்" போட்டு, ஆளுக்கு ஒரு யூசர் உருவாக்குங்க. பெரிய இடம்னா ரேடியஸ், டாக்காக்ஸ் மாதிரி மைய சர்வர்.

யூசர் உருவாக்கும்போது "பாஸ்வேர்டு"ங்கிற வார்த்தையைப் போடாதீங்க, "சீக்ரெட்"னு போடுங்க. "பாஸ்வேர்டு"ன்னு போட்டா அது அப்படியே எழுத்தா இருக்கும், இல்லன்னா டைப் 7-ஆ மாறும். டைப் 7 பார்க்கக் குழப்பமா இருக்கும், ஆனா திருப்பிப் படிக்கிறதுக்கு ஒரு நொடி போதும். "அல்காரிதம்-டைப் ஸ்கிரிப்ட், சீக்ரெட்"னு கொடுத்தா டைப் 9-ஆ சேவ் ஆகும். கான்ஃபிக் ஃபைல் வெளியே போனாலும் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க ரொம்பக் கஷ்டம்.

யார் கதவு வரைக்கும் வரலாம்

இதுதான் இன்னைக்குப் பேச்சோட மையம். ஒரு ஸ்டாண்டர்ட் ஆக்சஸ் லிஸ்ட் எழுதுங்க. "பெர்மிட் 10.20.30.0 0.0.0.255". மாஸ்க்கை ரெண்டு தடவை பாருங்க, என்னை நினைச்சுக்கோங்க. அடுத்து "ஐபி ஹெச்டிடிபி ஆக்சஸ்-கிளாஸ்"னு அதை வெப் சர்வர்ல மாட்டுங்க. விடிஒய் லைன்ல மாட்டினா அது எஸ்எஸ்ஹெச்-க்கு மட்டும்தான், வெப்புக்குப் பொருந்தாது. ஐபிவி6 ஓடுதுன்னா அதுக்குத் தனியா இன்னொரு லிஸ்ட் வேணும். முன்வாசலைப் பூட்டிட்டுப் பின்வாசலை மறந்துடாதீங்க.

அந்த 2023 சம்பவத்துல, இப்படி வெப் சர்வர்ல ஆக்சஸ் லிஸ்ட் போட்டு நம்பகமான நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுக்கிறது பலன் தரும் தடுப்புன்னு சிஸ்கோவே பிறகு சொன்னாங்க. யோசிச்சுப் பாருங்க, ஓட்டை அப்படியே இருக்கு, திருத்தமும் வரலை, ஆனா கதவு வரைக்கும் அவனால வர முடியலை. நாளைக்கு வரப் போற, இன்னும் யாருக்கும் தெரியாத ஓட்டைக்கும் இதே கணக்குதான்.

லிஸ்ட்ல நீங்க எந்த அட்ரஸ்லேர்ந்து வர்றீங்களோ அது இருக்கான்னு பாருங்க. வீட்டுலேர்ந்து விபிஎன்ல வரும்போது உங்களுக்குக் கிடைக்கிற அட்ரஸ் ஆபீஸ் சீட்டுல கிடைக்கிறது மாதிரி இருக்காது. அதை மறந்துட்டு வெளியே நிற்கிறவங்க நிறைய. ஸ்விட்சுகள்ல மேனேஜ்மென்டுக்குன்னே தனி போர்ட் இருக்கும். அது இருந்தா மேனேஜ்மென்டை அந்தத் தனி நெட்வொர்க்குக்கே தள்ளிடுங்க.

ஹெச்டிடிபிஎஸ் இப்போதான்

இப்போ "ஐபி ஹெச்டிடிபி செக்யூர்-சர்வர்", கூடவே "நோ ஐபி ஹெச்டிடிபி சர்வர்". வெறும் ஹெச்டிடிபி-யில பேசிக் ஆத்தென்டிகேஷன்ல பாஸ்வேர்டு பேஸ்64-லதான் போகும். அது என்கிரிப்ஷன் இல்ல, எழுத்தை மாத்தி எழுதுறது மட்டும்தான். வயர்ஷார்க் திறந்தா அதுவே பிரிச்சுக் காட்டிடும். டிஎல்எஸ் பதிப்பை 1.2-ன்னு வையுங்க. ஐடில் டைம்-அவுட்டும் வையுங்க, லாகின் பண்ணிட்டு டீ குடிக்கப் போறது நம்ம பழக்கம்.

சர்டிபிகேட் பத்தி ரெண்டு வார்த்தை. செக்யூர் சர்வரை ஆன் பண்ணா ரவுட்டர் தானே ஒரு செல்ஃப்-சைன்ட் சர்டிபிகேட் உருவாக்கிக்கும். பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டும். எல்லாரும் "அட்வான்ஸ்ட், ப்ரோசீட்"னு தட்டிட்டுப் போவோம். பிரச்சினை அந்தப் பழக்கம்தான். என்னைக்காவது நடுவுல ஒருத்தன் உண்மையாவே உட்கார்ந்தா, அன்னைக்கும் அதே சிவப்புப் பக்கம்தான் வரும், நீங்களும் அதே மாதிரி தட்டிட்டுப் போவீங்க. குறைஞ்சபட்சம் முதல் தடவை கன்சோல்லேர்ந்து ஃபிங்கர்பிரிண்ட்டைப் பார்த்து, பிரவுசர் காட்டுறதோட ஒப்பிடுங்க. கம்பெனிக்குள்ள சொந்த சிஏ இருந்தா அதுலேர்ந்து சர்டிபிகேட் வாங்கி "ஐபி ஹெச்டிடிபி செக்யூர்-டிரஸ்ட்பாயின்ட்"ல மாட்டுங்க. வாங்கும்போது ரவுட்டரோட பெயர் மாற்றுப் பெயர் புலத்துல, அதாவது எஸ்ஏஎன்-ல இருக்கணும். 2017-ல வந்த குரோம் 58-லேர்ந்து பழைய காமன் நேம் மட்டும் இருந்தா செல்லாது.

நேரத்தையும் மறக்காதீங்க, என்டிபி போடுங்க. கடிகாரம் தப்பா இருந்தா நல்ல சர்டிபிகேட்டும் செல்லாததாத் தெரியும். தேதி எவ்வளவு படுத்தும்னு ஒரு உதாரணம். பழைய ஐஓஎஸ், ஐஓஎஸ் எக்ஸ்இ பதிப்புகள்ல ரவுட்டர் தானே உருவாக்கின செல்ஃப்-சைன்ட் சர்டிபிகேட் எல்லாமே 2020 ஜனவரி 1-ஆம் தேதியோட காலாவதி ஆச்சு. அதுக்கப்புறம் அந்தப் பதிப்புகள்ல புதுசா உருவாக்கவும் முடியலை. மென்பொருளைப் புதுப்பிக்கணும், இல்லன்னா சிஏ-கிட்ட வாங்கணும். புத்தாண்டு அன்னைக்கு வேலைக்கு வந்தவங்களுக்குத்தான் அந்த வருத்தம் தெரியும்.

போர்ட் நம்பரை மாத்தினா போதுமான்னு சிலர் கேட்பாங்க. 443-ஐ 8443-ஆ மாத்தலாம், லாக்ல சத்தம் கொஞ்சம் குறையும். இன்டர்நெட் முழுக்க ஸ்கேன் பண்றவனுக்கு அது ஒரு தடையே இல்ல.

ரெண்டு பக்கமும் நின்னு பாருங்க

கடைசியா, சோதனை. உள்ளே வர வேண்டிய இடத்துலேர்ந்து வர முடியுதான்னு மட்டும் பார்த்தா பத்தாது. போன்ல வைஃபை-யை ஆஃப் பண்ணி, மொபைல் டேட்டாவுல ரவுட்டரோட வெளி அட்ரஸைத் திறந்து பாருங்க. 80, 443 ரெண்டையும். திறக்கக் கூடாது. அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரி நான் இதைப் பண்ணியிருந்தா அரை நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். அப்புறம் "ஷோ ஐபி ஹெச்டிடிபி சர்வர் ஸ்டேட்டஸ்", யூசர் லிஸ்ட், ரெண்டையும் ஒரு தடவை கண்ணால பாருங்க. எல்லாம் சரின்னா ரீலோட் கேன்சல், ரைட் மெமரி.

அந்த ஓனருக்கு என்ன பண்ணேன்னு கேட்பீங்க. அவர் லேப்டாப்புல ஒரு விபிஎன் போட்டுக் கொடுத்தேன். "ஒரு கிளிக் ஜாஸ்தியா இருக்கே தம்பி"ன்னார். "ஆமா சார்"னு சொன்னேன். ஏன்னு விளக்கமும் சொன்னேன், எச்சரிக்கையையும் காட்டினேன். அதுக்கப்புறம் அவர் கேட்கலை. அடுத்த திங்கட்கிழமை ஆயுத பூஜைக்கு ரவுட்டருக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு ஒரு போட்டோ அனுப்பினார். நான் அதைப் பார்த்துட்டு, முதல் நாள் வந்த 17.9.4ஏ அப்டேட்டை அன்னைக்கு ராத்திரி போட்டேன். இந்தத் தடவை ரீலோடுக்கு முன்னாடி எல்லாத்தையும் ரெண்டு தடவை பார்த்தேன்.

கேட்கிறவங்களுக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம். உங்க வீட்டு வைஃபை ரவுட்டர்ல "ரிமோட் மேனேஜ்மென்ட்"னு ஒரு ஆப்ஷன் இருக்கும். அது ஆன்ல இருக்கான்னு பாருங்க. நீங்க ஆன் பண்ணலைன்னா அது ஆஃப்ல இருக்கணும். ஒரு வாரத்துக்குன்னு எதையாவது திறந்து வெச்சிருந்தா, இன்னைக்கே ஞாபகப்படுத்திக்கோங்க.

அடுத்த எபிசோட்ல ஸ்விட்ச் லாகை ஒரு இடத்துல சேர்க்கிறது பத்திப் பேசலாம். கேள்விகள் இருந்தா அனுப்புங்க.